வாசலுக்கு வரும் மழையை விடலாமா?



2017-ம் வருசத்துக் கோடையை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். அதற்கு முந்தின வருசம் ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்துவிட்டது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்த பகுதி என்று அரசு அறிவித்தது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னைக்கே லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றினார்கள்.

அந்தக் கோடையில் எங்கள் குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா கடன் கேட்டார். "வீட்டு போர் வத்திப் போச்சுங்க. இன்னும் ஆழமாப் போடோணும்" என்றார். தீர்மானம் போட்டுக் கடன் கொடுத்தோம். வண்டி வந்து ராத்திரி முழுக்க ஓட்டியது. புகைதான் வந்தது. தண்ணீர் வரவில்லை, மாதாமாதம் தவணை மட்டும் வந்தது. பால் விற்ற காசில்தான் அதைக் கட்டி முடித்தார்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள் நல்ல மழை. அந்த அக்கா தன் வீட்டுத் தாவாரத்தில் நின்று ஓட்டிலிருந்து கொட்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "பூமிக்குள்ள தேடிக் கடன்காரி ஆனேன். இது பாரு அம்மிணி, வாசலுக்கே வந்துட்டு ரோட்டுக்கு ஓடுது" என்றார்.

இந்த மாதப் பாடம் அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான்.

மழையைக் குடத்தால் அளப்போம்

வானொலியில் "10 மில்லி மீட்டர் மழை பெய்தது" என்று சொல்கிறார்கள். அது எவ்வளவு தண்ணீர்? கணக்கு சுலபம். ஒரு சதுர மீட்டர் இடத்தில் 1 மில்லி மீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர்.

நம் வீட்டுக் கூரை 300 சதுர அடி என்று வைப்போம். அது சுமார் 28 சதுர மீட்டர். 10 மில்லி மீட்டர் மழைக்கு 280 லிட்டர் விழுகிறது. தெறிப்பது, ஓடு உறிஞ்சுவது, முதல் அழுக்கில் போவது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 220 லிட்டர் கைக்கு வரும். 15 லிட்டர் குடத்தில் அளந்தால் 14 குடத்துக்கு மேல்!

2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு 220 லிட்டர். ஒரு மழையில் ஒரு நாள் தண்ணீர் நம் கூரையிலேயே இறங்குகிறது.

நம் ஊருக்கு இன்னொரு பாக்கியமும் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் தென்மேற்கு மழை வருகிறது. ஐப்பசியில் வடகிழக்கு மழை வருகிறது. இடையில் கோடை மழையும் ஒன்றிரண்டு. ஆழியாறும் பி.ஏ.பி. வாய்க்காலும் இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். வாய்க்கால் தண்ணீர் முறை வைத்து வருவது. மலையில் மழை குறைந்தால் அதுவும் குறையும்.

2003-ல் போட்ட பைப் எங்கே?

2003-ல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயம் ஆக்கியது. ஊர் ஊராகப் பைப் மாட்டினார்கள், குழி தோண்டினார்கள். இன்று போய்ப் பாருங்கள். பல வீடுகளில் பைப் உடைந்து தொங்குகிறது, குழி மண் மூடிக் கிடக்கிறது. சட்டத்துக்காகப் போட்டதால் தண்ணீருக்காக யாரும் பராமரிக்கவில்லை.

அதே 2003-ல் பிரேசில் நாட்டின் வறண்ட வடகிழக்குப் பகுதியில் பத்து லட்சம் மழைநீர்த் தொட்டிகள் கட்டும் திட்டம் தொடங்கியது. ஒவ்வொரு வீட்டுக்கும் 16,000 லிட்டர் தொட்டி. ஊர்ச் சங்கங்கள் முன்னால் நின்றன. பெண்களும் கொத்து வேலை பழகித் தொட்டி கட்டினார்கள். குடிக்கவும் சமைக்கவும் உள்ள தண்ணீருக்காகத் தொலைவு நடப்பது அந்த வீடுகளில் குறைந்தது. நம்மைப் போன்ற கிராமத்துப் பெண்கள்தான் அவர்களும்.

வீட்டில் எப்படிச் செய்வது?

1. மழைக்கு முன்பே கூரையைக் கூட்டிச் சருகு, பாசி, காக்கை போட்டது எல்லாம் எடுத்துவிட வேண்டும்.

2. ஓட்டு வீடு, தகர வீடு என்றால் தாவாரத்தின் ஓரமாகப் பாதியாக அறுத்த பி.வி.சி. பைப்பைக் கட்டலாம். 10 அடிக்கு ஒரு அங்குலம் சரிவு இருந்தால் தண்ணீர் தேங்காது.

3. முதல் 10, 15 நிமிச மழை கூரையைக் கழுவிக்கொண்டு வரும். பைப்பின் முனையைத் திருப்பி அதை வெளியே விடுங்கள். பிறகு தொட்டிக்குத் திருப்புங்கள்.

4. வடிகட்ட ஒரு வாளியின் அடியில் ஓட்டை போட்டு, கீழே ஜல்லி, அதன் மேல் தேங்காய்த் தொட்டிக் கரி, அதன் மேல் கழுவிய மணல் என்று அடுக்குங்கள். வாய்க்கு வெள்ளைத் துணி கட்டுங்கள். வருசம் ஒரு முறை மணலையும் கரியையும் மாற்ற வேண்டும்.

5. கையில் காசு இல்லாவிட்டால் 200 லிட்டர் பீப்பாயில் தொடங்கலாம். முன்பு மருந்து, ரசாயனம் வைத்திருந்த பீப்பாய் மட்டும் வேண்டவே வேண்டாம்.

6. குடிப்பதற்கு என்றால் கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள். சிமெண்ட் அட்டைக் கூரைத் தண்ணீரைத் துவைக்க, செடிக்கு ஊற்ற மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

1,000 லிட்டர் தொட்டி இருந்தால் நான்கைந்து நல்ல மழையில் நிறைந்துவிடும். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் நாளுக்கு 20 லிட்டர் எடுத்தால் 50 நாள் வரும். வருசம் முழுக்க இது போதாதுதான். ஆனால் குழாயில் தண்ணீர் வராத நாளில் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். உப்புத் தண்ணீரில் வேகாத பருப்பும் இதில் பூப்போல வேகும்.

தொட்டி நிறைந்த பிறகு?

மிச்சத்தைப் பூமிக்குக் கொடுங்கள். 3 அடி நீளம், 3 அடி அகலம், 5 அடி ஆழத்தில் குழி எடுத்து, அடியில் பெரிய கல், மேலே ஜல்லி, மணல் போட்டால் தண்ணீர் ஊறி இறங்கும். சுவரை ஒட்டித் தோண்டக் கூடாது. கக்கூஸ் குழியிலிருந்து 30 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். வடிகட்டாத தண்ணீரை நேராகப் போரிலோ கிணற்றிலோ விடாதீர்கள்.

வந்த தண்ணீரைக் காப்போம்

சொட்டும் குழாய்க்கு அடியில் ராத்திரி ஒரு வாளி வையுங்கள். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு ஒரு குடத்துக்கு மேல் வீணாகிறது! ஒரு வாஷர் மாற்றினால் தீர்ந்தது. பாத்திரத்தைக் குழாயைத் திறந்து விட்டுக் கழுவாமல் போசியில் மொண்டு கழுவுங்கள். அரிசி கழுவிய தண்ணீர் மாட்டுக்கு. பொடக்காணியில் குளித்த தண்ணீரைச் சாக்கடைக்கு விடாமல் வாழைக்குத் திருப்புங்கள்.

நார்க்கழிவு நம் ஊரில் மலைபோலக் கிடக்கிறது. நன்றாக மக்கியதைச் செடி மூட்டில் போட்டால் ஈரம் நிற்கும். தினம் ஊற்றுவதை ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊற்றலாம்.

கொசு வந்தால் என்ன செய்வது?

நல்ல கேள்வி. டெங்குக் கொசு பெரும்பாலும் சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடும். அதனால் தொட்டிக்கும் பீப்பாய்க்கும் இடைவெளி இல்லாத மூடி வேண்டும். பைப் வாயில் கொசுவலைத் துணி கட்ட வேண்டும். திறந்து வைத்துப் புழங்கும் அண்டா, குடங்களை வாரம் ஒரு முறை காலி செய்து உட்புறம் தேய்த்துக் கழுவ வேண்டும். வாசலில் கிடக்கும் தேங்காய்த் தொட்டி, இளநீர் மட்டையை மறக்காதீர்கள். அதில் ஒரு கை மழைத்தண்ணீர் நின்றால் கொசுவுக்கு அது போதும்.

அடுத்த குழுக் கூட்டத்தில்

- ஒவ்வொருவரும் தன் வீட்டுக் கூரையை அடியால் அளந்து, ஒரு மழைக்கு எத்தனை குடம் என்று எழுதி வாருங்கள்.
- எத்தனை வீட்டில் பழைய பைப் உடைந்திருக்கிறது, எத்தனை குழாய் சொட்டுகிறது என்று எண்ணுங்கள்.
- போருக்குக் கடன் கேட்டு வரும் உறுப்பினரிடம், "தாவாரத்துக்குப் பைப் போட்டாச்சா?" என்று முதலில் கேளுங்கள். தொட்டிக்கும் பைப்புக்கும் சிறு கடன் கொடுக்கலாமா என்று பேசித் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.
- விதவையர், முதியோர் வீட்டுக் கூரையை மழைக்கு முன் நாலு பேர் சேர்ந்து சுத்தம் செய்து கொடுங்கள்.

முதலில் சொன்ன அக்கா வீட்டில் இப்போது ஒரு பீப்பாயும் ஒரு தொட்டியும் இருக்கின்றன. மழை இறங்கினால் முதல் ஆளாக ஓடிப் பைப்பைத் திருப்புகிறவர் அவர்தான். "சந்தா கட்டுற மாதிரிதாங்க. கொஞ்சம் கொஞ்சமாச் சேர்த்தா நம்ம கஷ்டத்துக்கு ஆகும்" என்கிறார்.

சேமிப்பைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. காசைச் சேமித்த கைகள் மழையையும் சேமிக்கட்டும்.