தனியாடலும் அரங்கும்

கல்லூரிக் கலைவிழாக்களில் நாட்டுப்புற ஆடல்களுக்கு இன்று நல்ல இடம் உண்டு. குழுவாக ஆடுவோர்க்கு ஒரு போட்டி, தனித்து ஆடுவோர்க்கு ஒரு போட்டி எனப் பல இடங்களில் வகுத்திருக்கின்றனர். பளபளக்கும் உடை, விரைந்த தாளம், ஐந்தாறு நிமிட ஆட்டம், அதன்பின் கைதட்டல். இவ்வளவில் ஓர் ஆடலைக் கண்டுவிட்டோம் என்ற நிறைவோடு அரங்கைவிட்டு வெளியேறுகிறோம். அந்த ஆடல் எங்கே பிறந்தது, யார் அதனை ஆடினர், எதற்காக ஆடினர் என்று கேட்போர் மிகச் சிலரே.

தமிழகத்திற்கு வெளியே பயிலும் நமக்கு ஒரு வாய்ப்பு உண்டு. நம் ஊர் ஆடலையும் பிற நாட்டார் ஆடலையும் ஒரே மேடையில் அடுத்தடுத்துக் காண்கிறோம். ஒப்பிட்டுப் பார்த்தால்தான் ஒன்றன் இயல்பு விளங்கும். ஆகவே இராஜஸ்தானத்துக் கால்பேலியா ஆடலையும் தமிழகத்துக் கரகத்தையும் எடுத்துக்கொண்டு, அரங்கேறிய தனியாடல் எப்போது வாழ்கிறது, எப்போது வெறும் காட்சியாகிறது என்பதை இங்கே ஆராய்வோம்.

குழுவும் தனியும்

சிலப்பதிகாரம் கூத்தை வேத்தியல், பொதுவியல் என இரண்டாகச் சொல்லும். வேந்தர் காண ஆடுவது ஒன்று. பொதுமக்கள் காண ஆடுவது மற்றொன்று. மாதவி ஆடிய பதினோராடல்களுள் குடத்தைக் கொண்டு ஆடும் குடக்கூத்தும், மரக்காலில் நின்று ஆடும் ஆடலும் இருந்தன. அவள் ஆடிய அரங்கு எட்டுக்கோல் நீளமும் ஏழுகோல் அகலமும் ஒருகோல் உயரமும் உடையது என்று அளவும் தந்திருக்கிறார் இளங்கோவடிகள். மக்களிடையே வழங்கிய ஆடலை அளந்து கட்டிய மேடைக்குக் கொண்டு வருவது இன்று நேற்றுத் தோன்றிய வழக்கம் அன்று என்பது இதனால் விளங்கும்.

பொதுவியல் ஆடல்களுக்குள்ளும் ஒரு வேறுபாடு உண்டு. கும்மியை எடுத்துக்கொள்ளுங்கள். இராஜஸ்தானத்துக் கூமர் ஆடலையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் மகளிர் வட்டமாக நின்று ஆடுவர். ஊரில் பிறந்த பெண் எவளும் அந்த வட்டத்தில் சேர்ந்துகொள்ளலாம். அங்கே பார்வையாளர் என்று தனியே ஒருவர் தேவையில்லை; ஆடுவோர் தமக்காகவே ஆடுகின்றனர்.

தனியாடல் அத்தகையது அன்று. ஒருவர் ஆடுவார், ஊர் சுற்றி நின்று காணும். எல்லோராலும் ஆட இயலாத அளவுக்கு அதில் பயிற்சி வேண்டும். பயிற்சிக்குப் பல ஆண்டு வேண்டும். அத்தனை ஆண்டும் அதனையே செய்துகொண்டிருப்பவருக்கு அதுவே பிழைப்பாகவும் ஆகும். ஊரார் நெல்லும் துணியும் காசும் தந்தனர், அவர் ஆடினார். ஆகவே தனியாடல் பெரும்பாலும் ஒரு தொழில். கும்மி மறைந்தால் ஊர் ஒரு மகிழ்ச்சியை இழக்கும். தனியாடல் மறைந்தால் ஒரு குடும்பம் அடுப்பெரிக்கும் வழியை இழக்கும். இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

பாம்பு போயிற்று, ஆடல் எஞ்சியது

கால்பேலியர் இராஜஸ்தானத்து நாடோடி மக்கள். பாம்பு பிடிப்பதும் அதனைக் கூடையில் வைத்து வீடுதோறும் காட்டிப் பிழைப்பதும் அவர்களுடைய குலத்தொழிலாக இருந்தன. ஆடவர் ஊதும் 'பூங்கி' வேறொன்றுமன்று. நம் ஊர்ப் பாம்பாட்டி ஊதும் மகுடியே அது. 'கஞ்சரி' என்ற சிறு பறையும் உடன் ஒலிக்கும். ஹோலிப் பண்டிகையின்போது மகளிர் பாடி ஆடுவர்.

1972ஆம் ஆண்டு காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பாம்பைப் பிடித்து வைத்திருப்பதும் காட்டிப் பொருளீட்டுவதும் குற்றமாயின. பாம்புகளைக் காக்க அச்சட்டம் வேண்டியதே. ஆயினும் அதனால் கூடையை இழந்தவர்க்கு வேறு தொழில் என்ன என்ற வினா எழுந்தது. நிலம் இல்லை, நிலையான ஊரும் இல்லை. எஞ்சியிருந்தவை மகுடியும் பாட்டும் ஆட்டமுமே.

இந்த நிலையில்தான் குலாபோ சபேரா என்ற பெண்மணி முன்வந்தார். பெண்ணாய்ப் பிறந்ததால் பிறந்த அன்றே மண்ணில் புதைக்கப்பட்டதையும், உறவினர் ஒருவர் தோண்டி எடுத்து உயிர் காத்ததையும் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். 1980களின் தொடக்கத்தில் புஷ்கர் சந்தையில் அவர் ஆடியதைக் கலையறிந்தோர் கண்டு மேடைக்கு அழைத்து வந்தனர். 1985இல் அமெரிக்காவில் நடந்த இந்திய விழாவில் ஆடினார். 2016இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. மண்ணிலிருந்து எடுத்த குழந்தையால் ஒரு குலத்தின் பெயர் உலகெங்கும் பரவியது.

இன்று மேடையில் நாம் காணும் கால்பேலியா ஆடலை நினைவுகூருங்கள். கண்ணாடிச் சில்லுகளும் வெள்ளிச் சரிகையும் பதித்த கரிய பாவாடை. ஆடும் பெண் சுழலும்போது அது குடைபோல் விரியும். உடல் பாம்பைப்போல் நெளியும். பின்புறமாக வளைந்து தரையில் கிடக்கும் மோதிரத்தைக் கண்ணிமையால் எடுப்போரும் உண்டு. இதனை ஆயிரம் ஆண்டுப் பழைய ஆடல் என்று அறிவிப்பாளர் சொல்லக் கேட்கிறோம். உண்மையில் இந்த மேடை வடிவம் பெரும்பாலும் 1980களுக்குப் பின் உருப்பெற்றது என்று ஆய்வாளர் காட்டியிருக்கின்றனர். பழைய பாட்டு, பழைய மகுடி, ஹோலி நாளின் பழைய அசைவுகள் ஆகியவற்றைக்கொண்டு அம்மகளிர் ஒரு புதிய ஆடலைக் கட்டினர்.

அப்படியானால் இது மரபு ஆகாதா? ஆகும். யுனெஸ்கோ 2003ஆம் ஆண்டு வகுத்த உடன்படிக்கை, தலைமுறைதோறும் கைமாறி வருவதும், அந்தந்த மக்களால் இடைவிடாது புதுக்கப்படுவதுமே மரபு என்ற கருத்தைச் சொல்கிறது. 2010இல் கால்பேலியர் பாட்டும் ஆட்டமும் அந்நிறுவனத்தின் பட்டியலில் இடம்பெற்றன. இங்கே நாம் நோக்கவேண்டியது ஒன்று. ஆடலை மாற்றியவர் யார்? கால்பேலியரே மாற்றினர். எந்த அசைவை வைத்துக்கொள்வது, எதனை விடுவது என்பதைத் தம் வயிற்றையும் தம் மதிப்பையும் எண்ணித் தாமே முடிவு செய்தனர். மரபுக்கு உயிர் தருவது இந்த உரிமையே.

தலைமேல் நிற்கும் குடம்

இனி நம் கரகத்திற்கு வருவோம். மாரியம்மன் திருவிழாவில் நீர் நிறைத்து, வேப்பிலையும் பூவும் சூட்டி, நோன்பிருப்பவர் சுமந்து வருவது சக்திக் கரகம். அது வழிபாடு. மக்கள் மகிழத் தொழிற்கலைஞர் ஆடுவது ஆட்டக் கரகம். பித்தளைச் செம்பில் அரிசியோ மண்ணோ இட்டு எடையேற்றி, மேலே பூவேலை செய்த கூடு அமைத்து, உச்சியில் ஒரு கிளியை வைப்பர். நாகசுரம், தவில், பம்பை, உறுமி, தமுக்கு ஆகியவை கூடிய நையாண்டி மேளம் முழங்கும்.

அறிவியல் பயில்வோர்க்கு இந்தக் குடம் ஒரு நல்ல பாடம். சக்திக் கரகத்தில் நீர். ஆட்டக் கரகத்தில் அரிசி. ஏன்? துள்ளி ஆடினால் நீர் தளும்பும். தளும்பினால் குடத்தின் எடைமையம் ஓரிடத்தில் நில்லாது. அரிசியும் மண்ணும் அவ்வாறு அலைவதில்லை. கனத்த குடத்தைக் காற்றும் எளிதில் அசைக்காது.

உயரத்திற்கும் காரணம் காட்டலாம். ஒரு பென்சிலை விரல்நுனியில் நிறுத்திப் பாருங்கள், உடனே விழும். ஒரு நீண்ட கழியை நிறுத்திப் பாருங்கள். சற்று நேரம் நிற்கும். ஒரு பொருள் சாய்ந்து விழ எடுக்கும் நேரம் அதன் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து வளர்கிறது. நான்கு மடங்கு உயரமான கழி சாய இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். பூக்கூடும் கிளியும் அழகுக்காக அமைந்தவை. ஆயினும் குடத்தை உயர்த்தி, ஆடுபவர் தலையைத் திருத்திக்கொள்ளச் சிறிது காலத்தையும் தருகின்றன.

திருத்துவது எப்படி? இடுப்பு அசைகிறது, கால் துள்ளுகிறது. தலைமட்டும் ஒரே மட்டத்தில் செல்கிறது. முழங்கால் மடிந்தும் நிமிர்ந்தும் வில்சுருள்போல் அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. குடம் சாயத் தொடங்கிய கணமே கழுத்து அதன்கீழ் நகர்ந்துவிடுகிறது. எண்ணிப் பார்த்துச் செய்யும் வேலை அன்று இது. எண்ணுவதற்குள் குடம் விழுந்துவிடும். பல ஆண்டுப் பயிற்சியால் உடம்பே கற்றுக்கொண்ட அறிவு இது. ஏட்டில் எழுதி நூலகத்தில் வைக்க இயலாது. கால்பேலியர் ஆடலுக்கும் எழுதிய இலக்கணநூல் இல்லை. ஆடுபவரின் உடம்பே நூல். அவர் மகளோ மாணவரோ அதனைப் படித்துக்கொள்ளாமல் போனால், அந்த நூலுக்கு மறுபதிப்புக் கிடையாது.

அரங்கு தருவதும் கொள்வதும்

மேடை நாட்டுப்புறக் கலையைக் கெடுத்துவிட்டது என்று வருந்துவோர் உளர். மேடை இல்லாவிட்டால் கலையே இல்லை என்போரும் உளர். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது.

மேடை தருவது பெரிது. கால்பேலியப் பெண்ணுக்கு அது வருவாயும் பெயரும் தந்தது. கரகக் கலைஞர்க்கும் அது வேண்டும். அவர்களுடைய வருமானம் பங்குனி முதல் ஆடி வரையான திருவிழாக் காலத்தைப் பெரிதும் நம்பியிருக்கிறது. 2020இல் கொள்ளைநோயால் திருவிழாக்கள் நின்றபோது ஆண்டு முழுவதற்குமான பிழைப்பே நின்றது. திருவிழா இரவுகளிலோ மற்றொரு துன்பம் உண்டு. கொச்சையான பேச்சையும் ஆட்டத்தையும் கேட்பது கூட்டம். இணங்கினால் பழி விழுவது ஆடிய பெண்ணின்மேல். நல்ல அரங்கில் அவள் தலைநிமிர்ந்து ஆட முடிகிறது. தஞ்சாவூரிலும் உதயப்பூரிலும் 1980களில் அமைந்த பண்பாட்டு மையங்களும், 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் போன்ற விழாக்களும் அத்தகைய வாய்ப்புகளைத் தந்துள்ளன.

மேடை கொள்வதும் உண்டு. ஊரில் கூட்டம் நாற்புறமும் நிற்கும். மேடையில் ஒருபுறமே இருக்கும். ஊரில் ஆட்டம் இரவெல்லாம் நீளும். மேடையில் மணியடித்து நிறுத்துவர். இவற்றை ஆடுவோர் ஏற்றுத் தம் ஆட்டத்தைச் சுருக்கவும் திருப்பவும் வல்லவர். ஈடு செய்ய இயலாத இழப்பு, இசைப்பவரை இழப்பதே. தவில்காரர் ஆடுபவரின் காலைப் பார்த்து அடிக்கிறார். ஆடுபவர் தவிலைக் கேட்டுக் காலை மாற்றுகிறார். இருவருக்கும் இடையே நிகழும் இந்த உரையாடலே ஆட்டத்தின் உயிர். பதிவு செய்த பாட்டு யாரையும் பார்ப்பதில்லை. அதற்கு ஆடுபவர் அடிமையாகிறார். புதிதாக ஒன்றை அந்தக் கணத்தில் படைக்கும் உரிமை போய்விடுகிறது.

நாம் செய்யத்தக்கது

நம்மில் பலர்க்குக் கரகம் என்றால் 1989இல் வெளிவந்த 'கரகாட்டக்காரன்' திரைப்படமே நினைவுக்கு வரும். அந்தப் படத்தைக் குறை சொல்வது என் நோக்கம் அன்று. வடநாட்டில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பலர்க்குக் கரகம் என்ற பெயரையே அறிவித்தது அதுதான். ஆயினும் பொங்கல் விழாவில் நெகிழிக் குடத்தைத் தலையோடு இறுகக் கட்டிக்கொண்டு, திரைப்பாட்டிற்கு ஐந்து நிமிடம் ஆடிவிட்டு, "எங்கள் பண்பாடு" என்று பிறர்க்கு அறிவிக்கும்போது சற்று நின்று எண்ண வேண்டும். விழாத குடத்தில் என்ன கலை இருக்கிறது? குடம் விழக்கூடும் என்பதே அந்த ஆடலின் உள்ளுரம்.

மாணவர் ஆடவேண்டாம் என்று சொல்லவில்லை. ஆடுங்கள், கட்டாத குடத்தோடு ஆடப் பழகுங்கள், விழுந்தால் எடுத்துவைத்து மீண்டும் ஆடுங்கள். நம் நண்பருள் தோலிசை அறிந்தவர் இருப்பின் அவரை மேடையில் அமர்த்துங்கள். ஆட்டத்திற்கு முன் இரண்டு சொற்றொடரில் அது எந்த மக்களுடையது என்று சொல்லுங்கள். விழாவுக்கு ஒதுக்கும் பணத்தில் அலங்கார வளைவுக்கும் ஒளிவிளக்குக்கும் ஆகும் செலவைக் குறைத்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒரு கரகக் கலைஞரையும் அவருடைய மேளக்காரரையும் அழைக்க இயலாதா என்று சங்கம் எண்ணிப் பார்க்கட்டும். வழிச்செலவும் தங்குமிடமும் உரிய ஊதியமும் தந்து, ஒரு நாள் ஆட்டத்திற்கும் மறுநாள் மாணவர்க்குப் பயிற்றுவதற்கும் அவரை வேண்டலாம். இங்குள்ள மண்ணின் கலைஞர் ஒருவரையும் அதே மேடைக்கு அழைத்தால், மகுடியும் நாகசுரமும் ஒருவரையொருவர் கேட்கும்.

ஓர் ஆடலின் வயதைக் கேட்டுப் பெருமைப்படுவது எளிது. அதனை ஆடுபவர் தம் மகளை அத்தொழிலுக்கு அனுப்ப விரும்புகிறாரா என்று கேட்பது கடினம். அவர் விரும்பும் நாள்வரை அந்த ஆடல் வாழும். அந்த விருப்பத்தை வளர்ப்பதில் கைதட்டும் நமக்கும் ஒரு பங்கு உண்டு.