இயக்க நரம்பணு நோய்: யாருக்கு, எங்கே, எவ்வளவு?

சட்டைப் பொத்தானைப் போட விரல்களில் வலு இல்லையா? பேச்சு குழறுகிறதா? “வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்” என்று விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் இதற்கு வேறு காரணம் இருக்கும். அரிதாக, இது இயக்க நரம்பணு நோயின் தொடக்கமாகவும் இருக்கலாம்.

இது என்ன நோய்?

நம் தசைகளை அசையச் சொல்லும் நரம்பணுக்கள் மூளையிலும் முதுகுத்தண்டிலும் உள்ளன. அவை சிறிது சிறிதாகச் செயலிழந்தால், தசைகள் மெலிந்து வலுவிழக்கும். நாளடைவில் நடப்பது, பேசுவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகியவை சிரமமாகும்.

யாருக்கு வருகிறது?

• இது அரிய நோய். ஐரோப்பாவில் 100,000 பேரில் ஆண்டுக்கு 2 முதல் 3 பேருக்குப் புதிதாக வருகிறது. கிழக்காசியாவில் இதைவிடக் குறைவு.
• எந்த இனத்தவருக்கும் வரலாம். ஆண்களுக்குச் சற்று அதிகம்.
• 50 வயதுக்குமேல் வாய்ப்பு கூடுகிறது. மூத்தோர் பெருகும் சமூகத்தில் நோயாளிகளின் எண்ணிக்கையும் கூடும்.
• இது தொற்றுநோய் அன்று. நோயாளியைத் தொட்டுப் பராமரிக்கலாம், சேர்ந்து உண்ணலாம்.
• 10 நோயாளிகளில் சுமார் 9 பேரின் குடும்பத்தில் வேறு எவருக்கும் இந்நோய் இருப்பதில்லை.

இடத்துக்கு இடம் வேறுபாடு

பசிபிக் தீவான குவாமில், 1950களில், சமோரோ மக்களிடையே இந்நோய் மற்ற இடங்களைவிட 50 முதல் 100 மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. பிறகு அது வெகுவாகக் குறைந்தது. மரபணுக்கள் அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. அதனால் உணவு, சுற்றுச்சூழல் ஆகியவற்றையும் ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். உறுதியான காரணம் இன்னும் நிலைநாட்டப்படவில்லை.

தென்னிந்தியாவில் வேறொரு வகை உண்டு. சென்னை மருத்துவர்கள் 1970இல் விவரித்த அதற்கு ‘மெட்ராஸ் வகை’ என்று பெயர். பெரும்பாலும் 30 வயதுக்குள் தொடங்கும், மெதுவாக முற்றும், காது கேட்பதையும் பாதிக்கும். அது மிக அரிது. உங்கள் முன்னோர் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் என்பதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

கீழ்க்கண்டவை சில வாரங்களாக நீடித்தால் அல்லது மோசமானால், குடும்ப மருத்துவரையோ பலதுறை மருந்தகத்தையோ நாடுங்கள்:

• ஒரு கையிலோ காலிலோ வலுக்குறைவு, கால் தடுக்குதல்
• தசை மெலிதல், அதனுடன் தசைத் துடிப்பு
• பேச்சுக் குழறல், விழுங்கும்போது புரையேறுதல்

இவை திடீரென வந்தால் பக்கவாதமாக இருக்கலாம். காத்திருக்காமல் உடனே 995ஐ அழையுங்கள்.

முன்கூட்டியே போவதால் என்ன பயன்?

கழுத்து எலும்புத் தேய்மானத்தால் நரம்பு அழுத்தப்பட்டாலும் இவற்றில் சில அறிகுறிகள் தோன்றலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. பரிசோதித்தால்தான் வேறுபாடு தெரியும்.

இயக்க நரம்பணு நோயை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் அது முற்றுவதைச் சற்றுத் தாமதப்படுத்தும் மருந்து உண்டு. மூச்சுக்கு உதவும் கருவி, பேச்சுச் சிகிச்சை, இயன்முறைச் சிகிச்சை ஆகியவை அன்றாட வாழ்க்கையை எளிதாக்கும். எந்தப் பராமரிப்பு வேண்டும், எது வேண்டாம் என்பதை, பேச்சு தெளிவாக இருக்கும்போதே குடும்பத்தாரிடம் நீங்களே சொல்லவும் நேரம் கிடைக்கும்.