ஓ.டி. பணம் வரவில்லை: யாருக்கு, எப்படிக் கடிதம் எழுதுவது?

இரண்டு மாதமாக ஓ.டி. பணம் சம்பளத்தில் சேரவில்லை என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலானவர்கள் சூப்பர்வைசரிடம் வாயால் சொல்லிவிட்டுக் காத்திருப்பார்கள். பொறுமை தீர்ந்ததும் வக்கீல் நோட்டீஸ் பேச்சு வரும். இந்த இரண்டுக்கும் நடுவே மூன்று வழிகள் இருக்கின்றன. தவறைச் சரிசெய்யும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று பார்த்துத்தான் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதல் முறை என்றால் மேலதிகாரிக்கு மெயில் போதும். கணக்கில் விடுபட்டிருக்கலாம். சட்டம், பிரிவு எதுவும் வேண்டாம். "மார்ச் 9, 10, 16 தேதிகளில் மொத்தம் 12 மணி நேரம் கூடுதலாக வேலை பார்த்தேன். மார்ச் பே ஸ்லிப்பில் அந்தத் தொகை இல்லை. ஏப்ரல் சம்பளத்தோடு சேர்த்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்." இவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மற்ற செய்திகளோடு சேர்ந்து மேலே போய்விடும்.

ஒரு வாரம் பதில் இல்லையா? அல்லது நேரத்தைக் குறைத்துக் காட்டியவரே அந்த மேலதிகாரியா? அப்படியானால் நிர்வாகத்துக்குத் தாளில் எழுதுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றில் எனக்கு அதிக நம்பிக்கை இதில்தான். முத்திரை விழுந்த கடிதத்தைப் பார்க்கவில்லை என்று யாரும் எளிதில் சொல்ல முடியாது. வாங்க மறுத்தால் தபாலில் அனுப்பலாம். பதிவுத் தபால் 2025-இல் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டதால், விரைவுத் தபாலிலேயே அனுப்புங்கள். ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்பது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்தது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. இந்தக் கடிதத்தில் அதை ஒரே வரியில் குறிப்பிடலாம். கோபத்தை மட்டும் எழுத வேண்டாம். வசைச்சொல் ஒன்று இருந்தாலும் பதில் அதற்குத்தான் வரும், பணத்துக்கு வராது.

அதற்கும் அசையாவிட்டால் தொழிலாளர் துறைக்கு மனு. முந்தைய இரண்டு கடிதங்களின் நகல்தான் அதன் பலம். புதிய தொகுப்பின்படி ஊதிய பாக்கியைக் கோர 3 ஆண்டு அவகாசம் உண்டு. ஆகவே பதறி முதல் நாளே அங்கே ஓட வேண்டியதில்லை.

பாலியல் தொல்லைக்கு இந்தப் படிவரிசை பொருந்தவே பொருந்தாது. மேலாளருக்கு முதலில் எழுதிப் பார்க்கலாம் என்று ஒரு பெண் காத்திருந்தால் நாள் கடந்துவிடும். பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டப்படி, சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் உள்ளகப் புகார்க் குழுவிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் தரலாம். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடம் என்றாலோ, புகாரே முதலாளி மீது என்றாலோ, மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் போக வேண்டும். எழுத முடியாதவருக்கு எழுதித் தர உதவுவது குழுவின் கடமை. அதைக் கேட்டு வாங்கத் தயங்காதீர்கள்.

எந்தக் கடிதத்துக்கும் தேதியும் மணிக்கணக்கும் வேண்டும். இந்த மாதம் ஓ.டி. பார்த்திருந்தால் இன்றைக்கே ஒரு நோட்டில் குறித்துவிடுங்கள்.