கட்டையால் அமைந்த காலவூர்தி

சென்ற கோடை விடுமுறையில் எம் தம்பி மாமரத்தினின்று வீழ்ந்து காலெலும்பு முறிந்தமையால், ஆறு வாரம் படுக்கையிலே கிடக்க நேர்ந்தது. ஒன்பது வயதுச் சிறுவனை ஆறு வாரம் ஓரிடத்திற் கிடத்துதல் எத்துணை அரிய செயலென்பதை அத்துன்பம் உற்றார் அறிவர். அந்நாட்களில் அவன் மும்முறை விரும்பிக் கண்டது, 1985-ஆம் ஆண்டில் இராபர்ட் செமெக்கிஸ் என்பார் இயக்கிய 'பாக் டு தி ஃப்யூச்சர்' என்னும் அமெரிக்கத் திரைப்படம். அதன்கண் மணிக்கு 88 மைல் விரைவில் ஓடிக் காலத்தையே கடக்கும் டிலோரியன் வண்டி தனக்கு வேண்டுமென்று அவன் கேட்டான். லெகோ நிறுவனத்தார் 2022-ஆம் ஆண்டில் 1872 உறுப்புக்களாலாய அவ்வண்டியின் பெருவடிவம் ஒன்றை வெளியிட்டனர்; ஆயின் அதன் விலை எம்மனோர் இல்லங்களுக்கு எட்டுவதன்று. ஆகவே, எம் மாமா வெளிநாட்டினின்று பல்லாண்டுகட்கு முன்னர்க் கொணர்ந்த கட்டைப் பெட்டியைத் திறந்து, யாமே அமைத்துத் தருவோம் என வாக்களித்தோம். வாக்களித்தற்கு ஒரு நொடி போதியதாயிருந்தது. அதனை நிறைவேற்றுங்காற் கற்றவற்றையே ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

முதற்கண் கட்டையின் இலக்கணம் அறிதல் வேண்டும். டென்மார்க்கு நாட்டின் பில்லுண்டு என்னும் ஊரில் 1932-இல் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சென் என்னும் தச்சர் மரப் பாவைகள் செய்யத் தொடங்கினார். அவர் மைந்தர் காட்ஃப்ரெட், மேலே குமிழும் உள்ளே குழலும் உடைய இந்நாளைக் கட்டைக்கு 1958-ஆம் ஆண்டு சனவரி 28-ஆம் நாள் உரிமைப் பட்டயம் வேண்டி விண்ணப்பித்தார். ஒரு குமிழின் நடுவினின்று அடுத்த குமிழின் நடுவரை 8 மி.மீ.; கட்டையின் உயரம் 9.6 மி.மீ.; தகடெனப்படும் மெல்லிய உறுப்பின் உயரம் அதன் மூன்றிலொன்றாகிய 3.2 மி.மீ. இவ்வளவுகளே இத்தொழிலின் அசையும் சீரும் எனலாம். வெண்பாப் பாடுவான் தளை தட்டாது சொற்களைத் தேர்ந்து வைத்தல் போல, கட்டை அடுக்குவான் எட்டின் மடங்கிலும் 3.2-இன் மடங்கிலும் தன் பொருளை அடக்குதல் வேண்டும். யாப்பருங்கலக் காரிகையோடு எட்டுத் திங்கள் போராடிய எமக்கு இஃது ஓரளவு பழகிய துன்பமே.

இனி மெய்வண்டியை நோக்குவாம். டிலோரியன் வண்டி, ஜார்ஜெட்டோ ஜூஜியாரோ என்னும் இத்தாலிய வரைஞரால் உருவமைக்கப்பெற்று, வட அயர்லாந்தின் டன்மரி என்னும் இடத்தில் 1981 முதற் சிறிது காலமே செய்யப்பட்டது. ஏறத்தாழ 9000 வண்டிகளே உருவாயின. நீளம் 4267 மி.மீ., அகலம் 1988 மி.மீ., உயரம் 1140 மி.மீ. ஆகும். வண்ணம் பூசப்படாத துருவேறா எஃகே அதன் மேற்றோல். பறவை சிறகு விரித்தாற்போல மேனோக்கித் திறக்கும் கதவுகள் அதன் தனிச் சிறப்பு.

இதனை எவ்வளவிற் சுருக்குவது? நிறுவனத்தாரின் பெருவடிவம் 35.5 செ.மீ. நீளமுடையது, எனவே ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒரு பங்கு. எம் பெட்டியில் அத்துணைக் கட்டைகள் இல்லை. மேலும், நாயகன் மார்ட்டியையும் அறிஞர் பிரவுனையும் குறிக்கும் இரு பாவைகளை உள்ளே அருகருகே அமர்த்துதல் வேண்டும் என்பது தம்பியின் கட்டளை. பாவையின் இடுப்பு இரு குமிழகலமே. ஆயினும் கைகள் இருபுறமும் புடைத்து நிற்றலால் அதனினும் மிகுதியான இடம் வேண்டும். ஆறு குமிழகலத்தில் அமைத்துப் பார்த்தோம்; பாவையிரண்டும் ஒன்றையொன்று நெருக்கிச் சந்தைக்குச் செல்லும் பேருந்திற் பயணிகள் போல் நின்றன. எட்டுக் குமிழ், அஃதாவது 64 மி.மீ. அகலம் கொண்டால், வண்டி முப்பத்தொன்றில் ஒரு பங்காகின்றது. அக்கணக்கின்படி நீளம் 137 மி.மீ., ஏறத்தாழப் பதினேழு குமிழ், உயரம் 36.7 மி.மீ., பதினொன்றரைத் தகடு. அரைத் தகடு கையில் இல்லாமையாற் பன்னிரண்டாகக் கொண்டோம். மெய்வண்டியிற் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களினும் பெரியன; எம் அளவில் அவ்வேற்றுமை விட்டத்தில் ஏறத்தாழ 2 மி.மீ. மட்டுமே ஆதலின் நான்கையும் ஒன்றாகவே வைத்துவிட்டோம். அறிஞர் பிரவுனின் விரிந்த வெண்டலைமயிரோ கூரையில் முட்டியது. அவரை வண்டியில் ஏற்றும்போதெல்லாம் அம்மயிரைக் கழற்றி வைக்க நேர்ந்ததற்கு அன்பர்கள் எம்மைப் பொறுத்தருள்க.

இவ்வண்டியின் அழகு அதன் சாய்வில் உள்ளது. முன்மூக்கினின்று கண்ணாடி வழியே கூரை வரை ஆப்பு வடிவாக எழும் அக்கோட்டினைக் குமிழ் மேனோக்கிய கட்டைகளால் அமைத்தால், குளத்துப் படிக்கட்டுப் போலவே தோன்றும். எம் முதல் வடிவம் அவ்வாறே தோன்றிற்று. இதற்கு மருந்து கட்டையைப் பக்கவாட்டிற் கிடத்துதல். ஐந்து தகடுகளின் உயரம் 16 மி.மீ.; இரு குமிழின் அகலமும் 16 மி.மீ. ஆகவே ஐந்து தகடு அடுக்கியதனைத் திருப்பிக் கிடத்தினால் இரு குமிழிடத்திற் பிழையின்றிப் பொருந்தும். இவ்வொரு சமன்பாடு கைவந்தபின் குமிழைப் பக்கத்திற்கும் கீழிற்கும் திருப்பி, வழவழப்பான தகடுகளாற் புறத்தை மூட இயலும். மூக்குப் பகுதியைத் தனியே அமைத்துக் கீலின் மேல் ஏற்றிச் சாய்த்தோம். சாய்வு எந்த அளவுக்கும் கட்டுப்படாமல் வேண்டியவாறே நின்றது. எம் முயற்சியனைத்தினும் எமக்கு மிக்க உவகை தந்தது இதுவே.

கதவோ எம்மைத் தலைகுனிய வைத்தது. கவ்வியும் சிறு தண்டும் கொண்டு இரு கதவுகளையும் கூரையின் நடுத்தண்டிற் பிணைத்து, அழகாகத் திறப்பதனை யாமே பன்முறை கண்டு மகிழ்ந்து, தம்பியின் கையிற் கொடுத்தோம். அவன் திறந்தான், கதவு ஒரு நொடி நின்று, பின்னர்த் தானே கீழே விழுந்தது. மறுகதவைத் திறந்தான், அது கழன்று போர்வையின்மேல் விழுந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. வண்டியை மெல்ல எம்மிடம் திருப்பித் தந்து சுவரை நோக்கித் திரும்பிக்கொண்டான். அவன் அழுதிருந்தால் எமக்கு ஓரளவு ஆறுதலாயிருந்திருக்கும்.

அவ்விரவு மெய்வண்டி இதனை எங்ஙனம் வென்றதென்று தேடிப் படித்தோம். அதன் கதவும் கனமானதே. அதனைத் தாங்குவது, மிகக் கடுங்குளிரில் வைத்து முறுக்கப்பட்ட எஃகுத் தண்டு. மூடியிருக்கும்போது முறுக்கி நிற்கும் அத்தண்டு, பூட்டு விடுபட்டதும் நிமிர முயன்று கதவை உயர்த்துகின்றது. வளிநிறை தாங்கியொன்றும் துணைநிற்கின்றது. எமக்கு முறுகுதண்டு ஏது? ஆயினும் ஒன்று விளங்கிற்று: யாம் குறை கண்டது கதவின் உருவில், குறை இருந்தது அதன் எடையிலும் கீலிலும். கதவினுள் அழகுக்காக வைத்த கட்டைகளை நீக்கித் தகடாக்கினோம். கதவின் கீழ்ப்பகுதியைக் கதவினின்று பிரித்து வண்டியின் உடலோடு சேர்த்தோம். வழுக்கும் கவ்விக்கு ஈடாக, பற்கள் பொருந்தி நிற்கும் கீல் இரண்டிரண்டு வைத்தோம். மெய்வண்டியிற் கதவு இன்னும் கீழிறங்கும் என்பதை யாம் அறிவோம். நன்னூலார் கூறும் குற்றங்களுள் குன்றக் கூறல் இதுவென்று எம் வகுப்பு நண்பர் ஒருவர் இடித்துரைத்தார். கீழிறங்கி வீழும் கதவினும் குறைந்து நிற்கும் கதவே மேலென்பது எம் துணிபு.

வண்டியின் பின்புறத்தில் குழல்களும் வடங்களும் புகைப்போக்கிகளும் செறிந்துள்ளன. இங்கே யாம் அஞ்சினோம். ஆனால் இதுவே எளிதாயிற்று. திரைப்படம் ஆக்கியோரே கைக்குக் கிடைத்த பழம்பொருள்களை ஒட்டியே அப்பகுதியைச் சமைத்தனர். குப்பையை எரிபொருளாக்கும் 'மிஸ்டர் ஃப்யூஷன்' என்னும் கருவி, மெய்யாகவே ஒரு காப்பிக்கொட்டை அரைக்கும் பொறியே. அவர்கள் அவ்வாறு செய்தனராயின் யாம் ஒரு வெண்ணிறப் பீப்பாய் உறுப்பையும் உடைந்த வானூர்தியொன்றன் சக்கரக் கூட்டையும் அவ்விடத்தில் வைப்பதிற் பிழையென்ன? இப்படத்தின் மேல் அன்புடையார் பலர் நாடுதோறும் இவ்வண்டியைத் தத்தம் கருத்துக்கேற்பக் கட்டியுள்ளனர். 2013-இல் நிறுவனம் வெளியிட்ட 401 உறுப்புக்களாலாய சிறுவடிவமே அன்பரொருவர் வரைந்தளித்துப் பதினாயிரவர் ஆதரவு பெற்றதுதான். அதனையும் திருத்திக் கட்டினோர் பலர்.

எஞ்சியது நிறம். எஃகுக்குச் சாம்பல் நிறமே பொருந்தும். எம் பெட்டியிற் சாம்பற் கட்டைகள் நிறைய இருந்தன. ஆயின் நிறுவனத்தார் 2004-ஆம் ஆண்டையொட்டித் தம் சாம்பல் நிறத்தைச் சிறிது நீலம் பாய்ந்ததாக மாற்றிவிட்டனர். மாமா கொணர்ந்தவை பழையன. பின்னர் யாம் பெற்றவை புதியன. விளக்கொளியில் ஒன்றாகத் தோன்றியவை பகலொளியில் இரண்டாகப் பிரிந்தன. இடப்பக்கம் முழுதும் பழையதும் வலப்பக்கம் முழுதும் புதியதுமாக அடுக்கி, ஒருகால் ஒரு பக்கமே காணலாம் எனத் தேற்றிக்கொண்டோம்.

ஐந்தாம் வாரத்தில் வண்டி மீண்டும் தம்பியின் கைக்குச் சென்றது. கதவுகளைத் திறந்தான், நின்றன. பத்துமுறை திறந்து மூடியபின், வண்டியைத் திருப்பித் திருப்பி நோக்கி, "அண்ணா, இந்தப் பக்கம் 1955-க்குப் போயிட்டு வந்திருக்கு, அதான் பழசா இருக்கு," என்றான்.