வீடிழந்தோர் தட்டவேண்டிய முதற் கதவு

வெள்ளம் வீட்டுக்குள் புகுந்துவிட்டால் பிள்ளைகளோடு அன்றிரவு எங்கே தங்குவது? 2025 நவம்பர் 28ஆம் நாள் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியபோது அருவி ஆறு பெருக்கெடுத்தது. மன்னார் மாவட்டத்துக் குடும்பங்கள் பல இந்தக் கேள்வியோடுதான் வெளியேறின. இலுப்பைக்கடவையில் வாழும் நாமும் இதற்கு விடையை முன்னரே அறிந்திருத்தல் நலம்.

1. ஆபத்து நெருங்கினால் 117ஐ அழையுங்கள். இது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம், இரவிலும் பேசலாம்.

2. கிராம அலுவலரிடம் குடும்பத்தார் அனைவரின் பெயரையும் பதியுங்கள். அவர் தரும் விபரமே மாந்தை மேற்குப் பிரதேச செயலகத்துக்குச் செல்கிறது. தங்குமிடமும் சமைத்த உணவும் உலர் உணவும் அதைக்கொண்டே ஒழுங்காகின்றன.

இங்கேதான் பலர் தவறுகின்றனர். உறவினர் வீட்டில் தங்குவோர், "நாங்கள் முகாமில் இல்லையே" என்று பதியாமல் விடுகின்றனர். அவர்களும் பாதிக்கப்பட்டோரே. பின்னர் வீடு திருத்த உதவி வரும்போது, பெயர் இல்லாதவர் அலைய நேரிடும்.

3. அடையாள அட்டை, காணிப் பத்திரம், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை மாரிக்கு முன்பே பொலித்தீன் உறையில் கட்டி வையுங்கள். சேதத்தைத் துப்புரவாக்குமுன் படமெடுங்கள். காணிப் பத்திரம் இல்லையென்று பதியத் தயங்கவேண்டாம்.

4. பெயர் விடுபட்டால் பிரதேச செயலாளருக்கு எழுத்தில் முறையிட்டு, பிரதியொன்றை வைத்திருங்கள். பங்குத்தந்தையிடமும் மன்னார் வாழ்வுதயத்திடமும் சொல்லுங்கள்.

அயலில் தனித்து வாழும் முதியவரின் பெயரும் பதியப்பட்டதா? அதையும் கேட்டறிவது நம் கடமை.