என் கதவைத் தட்டியவர்கள்

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியிலுள்ள ஒரு சர்வகலாசாலையில் சரித்திரம் போதிக்க நியமனம் பெற்று, முதல் நாள் நான் வகுப்பறைக்குள் பிரவேசித்தபோது, முன்வரிசையில் அமர்ந்திருந்த இளைஞர் ஒருவர், பேராசிரியர் எப்போது வருவார் என்று என்னிடமே மிக மரியாதையாகக் கேட்டார். அவரிடம் துவேஷம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. பக்கத்து அறை வெள்ளைக்காரப் பேராசிரியரை ‘டாக்டர்’ என்றவர்கள் என்னை வெறும் பெயர் சொல்லி அழைக்கவே, அடுத்த பருவம் முதல் என்னை எப்படி விளிக்க வேண்டும் என்பதைப் பாடத்திட்டத்தின் முதற்பக்கத்திலேயே அச்சிட்டுவிட்டேன். குடும்பப் பெயர் இல்லாத நமக்கு அங்கே தகப்பனார் பெயரே அந்த ஸ்தானத்தில் நிற்பதால், ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத என் தந்தை தினந்தோறும் டாக்டர் ஆனார்.

உண்மையான பாரம் வகுப்பு முடிந்த பிறகே தொடங்கியது. கறுப்பின மாணவிகளும், குடியேறியவர்களின் பிள்ளைகளும், வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்களும், எத்துறையினராயினும், மனம் சோர்ந்தால் என் கதவைத்தான் தட்டினார்கள். கமிட்டிகளுக்கும் வெள்ளையரல்லாத ஒரு பெண்முகம் தேவைப்பட்டபோதெல்லாம் என்னையே அழைத்தார்கள். அமாடோ படீயா என்ற உளவியல் அறிஞர் 1994-இல் இதற்குப் ‘பண்பாட்டு வரி’ என்று பெயரிட்டார். அந்த வரிக்கு ரசீது கிடையாது என்பதை என் மூன்றாம் ஆண்டுப் பரிசீலனையில் அறிந்தேன், துறைத் தலைவர் என் சேவையை வாயாரப் புகழ்ந்துவிட்டு, “நூல் எங்கே?” என்றார்.

சோதனைக் காலம் ஏழாண்டுகளுக்கு மேற்படலாகாது என்று அமெரிக்கப் பேராசிரியர் சங்கம் 1940-இல் வகுத்த கோட்பாட்டை ஒட்டி, நிரந்தர நியமனமா வெளியேற்றமா என்பது பெரும்பாலும் ஆறாம் ஆண்டில் முடிவாகிவிடும். ஆகவே அன்று மாலையே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, வந்தவர் பெயரை எழுதாமல், எதற்காக எத்தனை நிமிஷம் செலவாயிற்று என்று குறித்து வரலானேன். பருவ முடிவில் மொத்தக் கணக்கைத் துறைத் தலைவரிடம் எழுத்து மூலம் கொடுத்து, இவற்றுள் எதை விடலாம் என்று அவரையே கேட்டபோது, இரண்டு கமிட்டிகள் என் தலையிலிருந்து இறங்கின. முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல வராத வளர்ப்பு என்னுடையதாகையால், “யோசித்து நாளை மறுநாள் சொல்கிறேன்” என்பதை வழக்கமாக்கிக் கொண்டேன். மாணாக்கர் மதிப்பீட்டுத் தாள்களில் என் உச்சரிப்பைப் பற்றிய புகார் வருஷந்தோறும் வந்ததால், மூத்த பேராசிரியை ஒருவரை என் வகுப்பில் வந்து அமரச் செய்து, அவர் கண்டதை எழுதித் தரும்படி வேண்டி, அக்கடிதத்தைக் கோப்பில் சேர்த்தேன். செவ்வாய், வியாழன் காலைகளில் அறையைப் பூட்டிவிட்டு நூல் நிலையத்தின் மூன்றாம் மாடிக்குப் போய்விடுவேன்.

நூல் வெளிவந்தது, உத்தியோகமும் நிரந்தரமாயிற்று. ஆனால் அந்தக் காலை வேளைகளில் பூட்டிய கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேரோ, அவர்கள் அந்த நோட்டுப் புத்தகத்தில் இல்லை.