108 அழைப்பை ஏற்கும் பணி: முதல் பாடம்

தமிழ்நாட்டில் 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. ஓட்டுநரை நாம் பார்க்கிறோம். நம் அழைப்பை ஏற்று வண்டியை அனுப்புபவரைப் பார்ப்பதில்லை. வேலை தேடும் நம் பிள்ளைகளுக்கு இப்பணியையும் எடுத்துச் சொல்வோம்.

முதல் பாடம், இடத்தை முதலில் கேட்பது. பாதியில் போன் துண்டித்தாலும், இடம் தெரிந்தால் வண்டி கிளம்பிவிடும். ஊர், தெரு, பக்கத்திலுள்ள பள்ளிவாசல் அல்லது பள்ளிக்கூடம் எனக் கேட்டு, திரும்பச் சொல்லி உறுதி செய்ய வேண்டும். பிறகுதான் என்ன நடந்தது, எத்தனை பேர், நினைவும் மூச்சும் இருக்கிறதா என்ற கேள்விகள்.

கேட்டுக்கொண்டே தட்டச்சு செய்யவும், முதலுதவியும் கற்க வேண்டும். வீட்டில் உருது பேசும் பிள்ளைகளுக்கு அம்மொழியும் கைகொடுக்கும்.

இன்றே வீட்டில் பழகலாம். ஒருவர் பதறிப் பேசட்டும். மற்றவர் நிதானமாக இடத்தைக் கேட்டு எழுதட்டும். பதற்றத்திலும் குரல் உயராத பிள்ளை இப்பணிக்குப் பாதி தயார்.